1969 கமேரோ இசட்28: பிளாக்கில் உள்ள எந்த எண்ணை நம்பிப் பணம் கொடுக்கலாம்?

1969 மாடல் ஷெவர்லே கமேரோ ஒன்று விற்பனைக்கு வருகிறது. பானெட்டில் இரண்டு பட்டைக் கோடு, முன்னால் இசட்28 (பந்தயத்தை மனதில் வைத்துச் செய்த கமேரோ வகை) பேட்ஜ், நாலு கியர் மேனுவல். விற்பவர் கேட்பது அசல் இசட்28-க்கான விலை. உங்களுக்கு அரை நாள்தான் அவகாசம், வண்டியை ஒரு முறைதான் பார்க்க முடியும். இன்ஜின் பிளாக்கில் எண்கள் நாலு இருக்கின்றன. எதை முதலில் தேடுவது, எதை எவ்வளவு நம்புவது?

வின் எண்ணை, அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் ஆலை கொடுக்கும் தனி அடையாள எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடாதா என்று பலர் கேட்பார்கள். இந்த வண்டியில் தெரியாது. டாஷ்போர்டின் மேல் ஓட்டுநர் பக்கம், கண்ணாடி வழியாகவே தெரியும் தகட்டில் இலக்கமும் எழுத்துமாக மொத்தம் 13 இருக்கும்: 124379, அப்புறம் என் அல்லது எல், அப்புறம் ஆறு இலக்கம். முதல் 1 என்றால் ஷெவர்லே. 24 என்றால் வி8 கமேரோ. 37 கூப்பே. 9 மாடல் வருஷம். என் என்றால் ஒஹாயோவின் நார்வுட் ஆலை, எல் என்றால் லாஸ் ஏஞ்சலஸ் ஆலை. அவ்வளவுதான். 307 கன அங்குல இன்ஜின் போட்ட சாதாரண வண்டிக்கும், 350 போட்ட எஸ்எஸ் வண்டிக்கும், 302 போட்ட இசட்28-க்கும் அதே 24. ஆக, வண்டி இசட்28-தானா என்று சொல்லக்கூடிய முக்கிய சாட்சி இன்ஜின்தான்.

அந்த இன்ஜினும் சாதாரணமானதல்ல. டிரான்ஸ்-ஆம் என்ற அமெரிக்கக் கார் பந்தயத்தில் 305 கன அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு. 327-இன் 4 அங்குல சிலிண்டர் விட்டத்தையும் 283-இன் 3 அங்குல ஸ்ட்ரோக்கையும் சேர்த்து 302 செய்தார்கள். 1967 முதல் 1969 வரை இசட்28-ல் மட்டும்தான் அது வந்தது. 1967-ல் விற்றது 602 வண்டி. 1969-ல் 20,302. இருபதாயிரம் என்றால் நிறைய என்று தோன்றும். ஆனால் அந்த வருஷம் நார்வுட்டிலிருந்து மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல் கமேரோ வந்தது. அவற்றில் எதற்கு வேண்டுமானாலும் கோடு அடித்து பேட்ஜ் ஒட்டலாம், ஒட்டியும் இருக்கிறார்கள்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளாக்கில் சுலபமாகக் கண்ணில் படும் எண் சொல்வது மிகக் குறைவு. வண்டிக்கு அடியில் படுத்து, ஆயில் அழுக்கைத் துடைத்துத் தேட வேண்டிய எண்தான் அதிகம் சொல்கிறது. நேரம் குறைவாக இருந்தால் அடியிலிருந்து தொடங்குங்கள்.

காஸ்டிங் எண்

பிளாக்கை வார்க்கும்போதே புடைப்பாக வருவது இது. இன்ஜினின் பின்கோடியில், கியர்பாக்ஸின் பெல்ஹவுசிங் போல்ட் போடும் விளிம்பின் மேல், ஓட்டுநர் பக்கம் இருக்கும். அமெரிக்க வண்டி என்பதால் ஓட்டுநர் பக்கம் என்றால் இடது பக்கம். டிஸ்ட்ரிபியூட்டரும் இந்த இன்ஜினில் பின்னால்தான். அதன் பக்கத்தில் டார்ச் அடித்து, ஃபயர்வாலுக்கும் (இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் இடையே உள்ள தகட்டுச் சுவர்) பிளாக்குக்கும் நடுவில் எட்டிப் பார்த்தால் ஏழு இலக்கம் தெரியும். எழுத்து பெரியது, பெயிண்டுக்கு மேலேயே வாசிக்கலாம். எதையும் கழற்ற வேண்டாம்.

1969-ன் 302-க்கு வந்த எண்கள் மூன்று: 3932386, 3956618, 3970010. வழக்கில் கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் சொல்வார்கள், 386, 618, 010 என்று. விற்பவர் "010 பிளாக், ஒரிஜினல்" என்று பெருமையாகச் சொன்னால் அதில் பொய் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அதனால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 010 என்ற அச்சில் 1970-களின் கடைசி வரை 350 பிளாக்குகளை வார்த்துக்கொண்டே இருந்தார்கள். கார், வேன், பிக்கப் லாரி எல்லாவற்றிலும் போனது. பழைய இரும்புக்கடையில் கிடக்கும் பிக்கப் இன்ஜினிலும் இதே 3970010 இருக்கும். மெயின் பேரிங் மூடிக்கு நாலு போல்ட் இருக்கிறது என்பதையும் சான்றாகக் காட்டுவார்கள். லாரிக்குப் போன 350-களிலும் நாலு போல்ட் உண்டு.

அதனால் இந்த எண்ணை நான் விலக்குவதற்கு மட்டும் பயன்படுத்துவேன். அந்த மூன்றில் ஒன்று இல்லையென்றால் பிளாக் 1969 இசட்28-ன் பிளாக் இல்லை, பேச்சை அங்கேயே முடிக்கலாம். இருந்தால் அடுத்ததைப் பார்க்க வேண்டும்.

காஸ்டிங் தேதி

அதே பின் விளிம்பில் எதிர்ப்பக்கம், அதாவது பயணி பக்கம், ஓர் எழுத்தும் சில இலக்கங்களும் புடைப்பாக இருக்கும். எழுத்து மாதம்: ஏ ஜனவரி, பி பிப்ரவரி என்று வரிசையாகப் போய் எல் டிசம்பர். அடுத்து நாள். கடைசியில் வருஷத்தின் கடைசி இலக்கம் மட்டும். சி 14 9 என்று இருந்தால் மார்ச் 14, 1969.

அல்லது மார்ச் 14, 1979. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 010 பிளாக் இரண்டு வருஷத்திலும் வார்க்கப்பட்டது, இரண்டிலும் கடைசி இலக்கம் 9. காஸ்டிங் எண்ணும் தேதியும் மட்டும் கையில் இருந்தால் பத்து வருஷ வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. சுத்தமாகப் பெயிண்ட் அடித்த 1979 பிக்கப் பிளாக்கை இந்த இரண்டு எண்ணையும் காட்டி 1969 பிளாக் என்று விற்க முடியும்.

ஆனால் தேதியை ஒதுக்கிவிடக் கூடாது. வேறு எந்த எண்ணாலும் முடியாத ஒரு வேலையை அது செய்கிறது. 1969 மாடல் கமேரோவின் தயாரிப்பு வழக்கத்தைவிட நீண்டது. 1970 மாடல் தாமதமானதால், 1968 இலையுதிர் காலத்தில் தொடங்கிய உற்பத்தி 1969 நவம்பர் வரை ஓடியது. ஆக செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் அந்த ஒரே மாடலுக்குள் இரண்டு முறை வருகின்றன. இனிமேல் பார்க்கப்போகும், முன்பக்கத்தில் பஞ்ச் அடித்த எண்ணில் மாதமும் நாளும் மட்டும்தான், வருஷம் கிடையாது. செப்டம்பர் 20 என்று அங்கே இருந்தால் அது எந்தச் செப்டம்பர்? காஸ்டிங் தேதி ஐ 10 8 என்றால் 1968, ஐ 10 9 என்றால் 1969. தனியாக நின்றால் பலவீனமான எண், மற்றொன்றோடு சேரும்போது பலமாகிறது.

வரிசையும் முக்கியம். முதலில் பிளாக் வார்க்கப்படும், பிறகு இன்ஜின் பூட்டப்படும், பிறகு வண்டி. இடைவெளி சில நாளாகவோ சில வாரமாகவோ இருப்பது சகஜம், சில மாதம் ஆன வண்டிகளும் உண்டு. ஆனால் தலைகீழாக இருக்கவே முடியாது. வண்டி ஏப்ரலில் செய்தது, பிளாக் மே மாதம் வார்த்தது என்றால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

முன்பக்க மேடை

எல்லாச் சண்டையும் நடக்கும் இடம் இது. பயணி பக்கச் சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் மேல் விளிம்பு கொஞ்சம் நீண்டு ஒரு சிறிய தட்டை மேடையாக முடிகிறது. பேட் என்பார்கள். 1969-ல் ஆல்டர்னேட்டரை இந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள், அதன் பிராக்கெட்டும் பெல்ட்டும் மேடையை மறைக்கும். கண்ணாடியும் டார்ச்சும் வைத்தால் பாதி எழுத்து தெரியும். முழுதாகப் பார்க்க ஆல்டர்னேட்டரைக் கழற்றி ஒதுக்க வேண்டும். பெரிய வேலையில்லை, சில போல்ட்தான்.

இங்கே இருப்பது புடைப்பு எழுத்தில்லை, பஞ்ச் அடித்துப் பள்ளமாக்கிய எழுத்து. வி 0321 டி.இசட் என்று எடுத்துக்கொள்வோம். வி என்றால் மிச்சிகனின் ஃபிளின்ட் இன்ஜின் ஆலை. 0321 மார்ச் 21, இன்ஜின் பூட்டிய நாள். கடைசி இரண்டு எழுத்துதான் உயிர். டி.இசட் என்பது 1969-ன் 302-க்கு மட்டும் கொடுத்த குறி. 1967, 1968-ல் அதே இன்ஜினுக்கு எம்.ஓ, எம்.பி என்று இருந்தது. 1970 முதல் ஷெவர்லே மூன்றெழுத்துக் குறிக்கு மாறிவிட்டது. அதனால் மேடையில் மூன்றெழுத்து இருந்தால் 1969-ஆ 1979-ஆ என்ற மேலே சொன்ன குழப்பமும் தீர்ந்துவிடும், அது 1969 இன்ஜின் இல்லை.

காகிதத்தில் பார்த்தால் இது போதும். நிஜத்தில் இரண்டு தொல்லை.

முதலாவது நேர்மையான தொல்லை. மேடையும், ஹெட் உட்காரும் பிளாக்கின் மேல்பரப்பும் ஒரே தளம். பழைய இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கும்போது, ஹெட் கேஸ்கெட் சரியாக உட்கார மெஷின் ஷாப்பில் அந்தப் பரப்பை மயிரிழை சீவுவார்கள். கவனமான ஆள் மேடைக்கு முன்னாலேயே கட்டரை நிறுத்திவிடுவார். கவனிக்காதவர் ஒரே ஓட்டமாக ஓட்டினால் எண் மொத்தமும் போய்விடும். 1970-களிலும் 80-களிலும் இது பழைய கார், அவ்வளவுதான். எண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. மேடை வழுவழுவென்று வெறுமையாக இருக்கிறது என்பதற்காக வண்டியைப் போலி என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது நேர்மையில்லாத தொல்லை. சீவிய மேடையில் புதிதாக எண் அடிப்பது. பஞ்ச் செட் கடையில் கிடைக்கிறது. டி.இசட் என்ற இரண்டு எழுத்துக்கு இவ்வளவு விலை இருக்கும்போது அடிக்க ஆள் இருக்கும்.

அதனால் மேடையைப் பார்க்கும்போது எழுத்தை வாசிப்பதோடு நிறுத்தாமல் எழுத்துக்கு நடுவில் இருக்கும் இரும்பைப் பாருங்கள். ஆலையில் இந்தப் பரப்பை ப்ரோச் என்ற நீண்ட வெட்டுக்கருவி ஒரே இழுப்பில் முன்னிருந்து பின்னாகச் சீவியது. அது விட்டுப்போன கோடுகள் மேடை மேல் அப்படியே இருக்கும்: தலைமயிர் கனத்தில், ஒன்றுக்கொன்று இணையாக, மேடையின் முன்னிருந்து பின் வரை அறுபடாமல். டார்ச்சை நேராக அடித்தால் தெரியாது. பக்கவாட்டில், பரப்போடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால் சட்டென்று தெரியும். எண் அதற்குப் பிறகு அடிக்கப்பட்டது, ஆக எழுத்து கோடுகளை வெட்டிக்கொண்டு நிற்கும், இரண்டு எழுத்துக்கு நடுவில் கோடு தொடர்ந்து ஓடும். சுழலும் கட்டரால் சீவிய மேடையில் கோடுகள் வில்போல் வளைந்திருக்கும். எமரி தேய்த்த மேடையில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. புதிதாக அடித்த எழுத்தின் ஓரத்தில் இரும்பு பிதுங்கிக் கூராக நிற்பதையும் விரலால் தடவி உணரலாம்.

எழுத்தின் நடையையும் கவனியுங்கள். ஆலையில் எல்லா எழுத்தையும் ஒரே பிடியில் கோத்து ஒரே அடியில் அடித்தார்கள். அதனால் அடிக்கோடு நேராக இருக்கும். ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் லேசாகவும் போவது உண்டு, அது சகஜம். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனிச் சாய்வில், தனித்தனி ஆழத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இவ்வளவும் தெரிந்த போலிக்காரர்களும் இருக்கிறார்கள். ப்ரோச் கோட்டைக்கூடத் திரும்ப உண்டாக்குகிறார்கள். அதனால் மேடை ஒன்றை மட்டும் வைத்து முழு விலை கொடுக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆயில் ஃபில்டர் பக்கத்து எண்

1968 மாடல் முதல் ஷெவர்லே, வண்டி பூட்டும் ஆலையில் வைத்து, வின் எண்ணின் சுருக்கத்தை இன்ஜினிலும் கியர்பாக்ஸிலும் அடித்தது. 1969 கமேரோவில் அது 19என் என்று தொடங்கி ஆறு இலக்கத்தில் முடியும்: 1 ஷெவர்லே, 9 வருஷம், என் நார்வுட், அப்புறம் வண்டியின் சொந்த வரிசை எண். லாஸ் ஏஞ்சலஸ் வண்டியென்றால் 19எல். மற்ற மூன்று எண்ணும் இன்ஜின் எந்த வகை, எப்போது செய்தது என்றுதான் சொல்லும். இந்த எண் ஒன்றுதான் இந்த இன்ஜின் இந்த வண்டியோடு பிறந்தது என்று சொல்கிறது.

இது இரண்டு இடத்தில் இருக்கலாம். சில வண்டிகளில் முன்பக்க மேடையிலேயே டி.இசட் எண்ணுக்குப் பக்கத்தில். சிலவற்றில் ஓட்டுநர் பக்கம், பிளாக்கின் பின்கோடியில் கீழே, ஆயில் ஃபில்டர் மாட்டும் இடத்துக்குச் சற்று மேலே. சிலவற்றில் இரண்டு இடத்திலும். மேடையில் இல்லையென்றால் கீழே கட்டாயம் தேட வேண்டும்.

கீழே இருந்தால் நல்லது. அங்கே பரப்பு வார்த்தபடியே கரடுமுரடாக இருக்கும். ஹெட் உட்காரும் பரப்பைச் சீவும் மெஷின் அங்கே எட்டாது. இன்ஜினை எத்தனை முறை பிரித்து வேலை பார்த்திருந்தாலும் அந்த எண் தப்பித்திருக்கும். போலிக்கும் கஷ்டம்: பழைய எண்ணை அழிக்க வேண்டுமென்றால் கிரைண்டர் போட வேண்டும், போட்டால் மணல் அச்சில் வார்த்த சொரசொரப்பின் நடுவில் ஒரு வழவழப்பான திட்டு விழுந்துவிடும். பெயிண்ட் அடித்து மறைத்தாலும் விரல் கண்டுபிடித்துவிடும்.

பார்ப்பதுதான் சிரமம். மேலிருந்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மறைக்கும், பக்கத்தில் கிளட்ச் லிங்கேஜ். வண்டியை ரேம்பிலோ, ஜாக்கி ஸ்டாண்டிலோ ஏற்றி, அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் போகாதீர்கள். ஐம்பது வருஷ ஆயில் கசிவும் தூசியும் சேர்ந்து அந்த இடத்தில் தார் மாதிரி உறைந்திருக்கும், எண் அதற்கடியில். பரப்பு கரடுமுரடு என்பதால் எழுத்தும் ஒரே சீராக விழுந்திருக்காது, 3-ம் 8-ம் குழப்பும். நேரமெடுத்து வாசியுங்கள்.

மேடையிலேயே இரண்டு எண்ணும் இருக்கும் வண்டியில் ஒரு கூடுதல் சோதனை உண்டு. டி.இசட் எண்ணை அடித்தது ஃபிளின்ட்டில், வின் சுருக்கத்தை அடித்தது நார்வுட்டிலோ லாஸ் ஏஞ்சலஸிலோ. இரண்டு ஊர், இரண்டு கை, இரண்டு பஞ்ச் செட். இரண்டும் ஒரே எழுத்து வடிவத்தில், ஒரே ஆழத்தில், ஒரே ஆள் அடித்ததுபோல் இருந்தால் பெரும்பாலும் ஒரே ஆள்தான் அடித்திருப்பார்.

எதைக் கொண்டு பார்ப்பது, எதைக் கொண்டு துடைப்பது

கைக்கண்ணாடியும் டார்ச்சும் காஸ்டிங் எண்ணுக்கும் தேதிக்கும் போதும். போனோடு இணைக்கும் போர்ஸ்கோப் கேமரா இப்போது விலை குறைவு. எண் எங்கே இருக்கிறது, இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அது நல்லது. ஆனால் ப்ரோச் கோட்டை அதில் தீர்மானிக்காதீர்கள், அதன் விளக்கு நேராக விழும், கோடு மறைந்துவிடும். மேடைக்கு ஆல்டர்னேட்டரைக் கழற்றி, கண்ணால் பார்ப்பதற்கு மாற்று கிடையாது.

துடைக்க பிரேக் கிளீனர், பழைய துணி, நைலான் பிரஷ். கெட்டியான அழுக்குக்கு டிகிரீசர் அடித்துக் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். மேடை மேல் ஆரஞ்சு பெயிண்ட் அடித்திருந்தால் பெயிண்ட் ரிமூவர் ஜெல், விற்பவரின் சம்மதத்தோடு. எமரி ஷீட், ஒயர் வீல், கிரைண்டர் எதையும் மேடைக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். எழுத்து நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஆர்வத்தில் தேய்த்து, ப்ரோச் கோட்டை அழித்துவிட்டால், அசல் வண்டிக்கே சந்தேகத்தைச் சம்பாதித்துக் கொடுத்ததாகிவிடும். ஒரு முறை போன கோடு வராது. துடைப்பதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

லேசாக விழுந்த எழுத்துக்கு நம்மூர் ஆர்டிஓ அலுவலகத்தில் சேசிஸ் எண்ணுக்கு எடுக்கும் பென்சில் பிரிண்ட் அருமையாக வேலை செய்கிறது. மெல்லிய காகிதத்தை மேடை மேல் வைத்து, மென்மையான பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத கால் எழுத்தும் காகிதத்தில் வந்துவிடும். மேடைக்கு மட்டும்தான் இது. கீழே உள்ள கரடுமுரடான பரப்பில் காகிதம் கிழியும், அங்கே சாக்பீஸ் தடவி அதிகப்படியை விரலால் துடைப்பது மேல்.

அழித்த எண்ணை அமிலத்தால் திரும்ப எடுக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. பஞ்ச் அடிக்கும்போது எழுத்துக்கு அடியில் உள்ள உலோகமும் நசுங்குவதால், தடயவியல் கூடங்களில் எஃகில் அப்படி எடுப்பது நிஜம்தான். வார்ப்பிரும்பில் அது சரியாக வருவதில்லை. வாங்கப்போகும் வண்டியில் முயற்சி செய்யும் வேலையும் இல்லை.

இரும்பா, காகிதமா

ஃபயர்வாலில் ஒரு பாடி தகடு இருக்கும். அதில் 04ஏ என்று இருந்தால் ஏப்ரல் முதல் வாரம். நார்வுட் ஆலையில் 1968 டிசம்பர் வாக்கில் தொடங்கி அந்தத் தகட்டில் எக்ஸ் குறியும் வந்தது. எக்ஸ்33, எக்ஸ்77 இரண்டும் இசட்28. லாஸ் ஏஞ்சலஸ் தகட்டில் இந்தக் குறி கிடையாது. தகட்டின் நகல் செய்து விற்கிறார்கள், ரிவெட்டோடு கிடைக்கிறது. எனவே தகட்டைத் தேதி ஒப்பிடப் பயன்படுத்துங்கள், தனிச் சான்றாக எடுக்காதீர்கள்.

வண்டி வாங்கியவருக்கு ஷெவர்லே கொடுத்த ப்ரொடெக்ட்-ஓ-பிளேட் என்ற சிறிய உலோக அட்டை இருந்தால் அதிர்ஷ்டம். அதில் இன்ஜின் எண் டி.இசட் உட்பட அப்படியே பதிந்திருக்கும். இதற்கும் நகல் உண்டு.

அமெரிக்காவில் விற்ற கமேரோவுக்குத் தனி வண்டி வாரியாக ஆலைப் பதிவு கிடைப்பதில்லை. கனடாவில் புதிதாக விற்ற வண்டியென்றால் கதையே வேறு. ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் கனடா கிளை பழைய பதிவுகளைப் பாதுகாத்து, கட்டணத்துக்கு வின் எண்ணை வைத்து விவரம் கொடுக்கிறது, அதில் இசட்28 என்ற ஆப்ஷன் இருந்ததா என்று வரும். டொராண்டோ பக்கம் இருக்கும் நம்மவர்கள் யாராவது அங்கே விற்ற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால், பிளாக்கைத் துடைக்கப் போவதற்கு முன்னாலேயே இதைச் செய்துவிடுங்கள். போலிக்காரர் கைபடாத ஒரே காகிதம் அது. ஆனால் அந்தக் காகிதம் வண்டியைப் பற்றித்தான் பேசும். இப்போது உள்ளே இருக்கும் இன்ஜின் அதே இன்ஜின்தானா என்பதற்குப் பிளாக்கைத்தான் கேட்க வேண்டும்.

எந்த நிலையில் என்ன முடிவு

ஃபில்டர் பக்கத்து எண் வண்டியின் வின் எண்ணோடு பொருந்துகிறது, மேடையில் ப்ரோச் கோட்டோடு டி.இசட் இருக்கிறது, காஸ்டிங் தேதி, பூட்டிய தேதி, தகட்டுத் தேதி மூன்றும் வரிசையாக வருகின்றன. அப்படியானால் கேட்கும் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். டாஷ்போர்டு தகட்டை மட்டும் நம்பாமல், ஃபயர்வாலிலும், முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள கௌல் பகுதியிலும் மறைவாக அடித்திருக்கும் வின் சுருக்கத்தையும் ஒரு முறை ஒப்பிட்டுவிடுங்கள். பாடி வேறு வண்டியுடையதாக இருந்தால் இன்ஜின் பொருந்தியும் பயனில்லை.

ஃபில்டர் பக்கத்து எண் பொருந்துகிறது, மேடை மட்டும் சீவி வெறுமையாக இருக்கிறது. நான் தயங்காமல் வாங்கச் சொல்வது இந்த வண்டியை. சந்தையில் இதற்கு விலை குறைத்துக் கேட்கலாம், ஏனென்றால் பலருக்கு மேடை மட்டும்தான் தெரியும். டி.இசட் எழுத்து போய்விட்டாலும் வண்டியோடு பிறந்த பிளாக் என்பதற்கு ஆதாரம் கீழே உறுதியாக இருக்கிறது. வண்டி இசட்28 என்பதற்கு மட்டும் எக்ஸ் குறி, கனடா பதிவு, 12 போல்ட் பின் ஆக்ஸில், வின் சுருக்கம் அடித்த மன்சி கியர்பாக்ஸ் என்று வேறு பக்கத்திலிருந்து சான்று சேர்க்க வேண்டும்.

மேடையில் டி.இசட் பளிச்சென்று இருக்கிறது, வின் சுருக்கம் எங்கும் இல்லை, அல்லது ஃபில்டருக்கு மேலே வழவழப்பான திட்டு. இதை விட்டுவிடுங்கள். விலை குறைத்தாலும் வேண்டாம். இன்றைக்கு உங்களுக்கு இருக்கும் சந்தேகம் நாளைக்கு உங்களிடம் வாங்க வருபவருக்கும் இருக்கும், அதுவரை அந்த எண்ணை யார் அடித்தது என்ற கேள்வி உங்கள் பேரில் நிற்கும்.

மேடையில் சி.இ என்று தொடங்கும் எண் இருந்தால் பயப்பட வேண்டாம். உத்தரவாதக் காலத்தில் இன்ஜின் பழுதாகி, ஷெவர்லே டீலர் வழியாக மாற்றிக் கொடுத்த பிளாக் அது. இசட்28-ஐ பந்தயத்துக்கும் சாலைப் போட்டிக்கும் விரட்டி ஓட்டினார்கள், இன்ஜின் போவது சகஜமாக இருந்தது. பழைய டீலர் ரசீது கூட இருந்தால் அந்த வண்டியின் கதை முழுமையாக இருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். வின் சுருக்கம் அதில் இல்லாதது இயல்பு.

கடைசியாக, 010 பிளாக்கில் நேர்மையான 350, மூன்றெழுத்துக் குறி, விற்பவரும் "இன்ஜின் மாற்றினது" என்று வாய்விட்டுச் சொல்கிறார். ஓட்டுவதற்கு வண்டி தேடுபவருக்கு இது நல்ல வண்டி. 302 அதிக ஆர்பிஎம்மில்தான் உயிர் பெறும். ஊருக்குள் ஓட்ட 350 சுகம், பாகமும் தாராளமாகக் கிடைக்கும். அந்தப் பிளாக்கைத் தூக்கிவிட்டு, தேதி பொருந்தும் 1969 பிளாக் ஒன்றைத் தேடிப் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், வண்டி அந்தக் காலத்துக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் அதில் எண் எதையும் அடிக்காதீர்கள், விற்கும்போது மாற்று பிளாக் என்றே சொல்லுங்கள்.

விற்பவர் ஆல்டர்னேட்டரைக் கழற்ற விடமாட்டேன், ரேம்பில் ஏற்ற விடமாட்டேன் என்றால் கோபப்பட வேண்டாம், அது அவருடைய வண்டி. அப்போது பேச வேண்டிய விலை இன்ஜின் மாற்றின வண்டியின் விலை. ஏற்றுக்கொண்டால், எடுத்த படங்களோடு ஒரு வரியையும் விற்பனைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: "ஒரிஜினல் இன்ஜின்" என்று அவர் சொல்வது காஸ்டிங் எண்ணையா, மேடையில் உள்ள டி.இசட் எண்ணையா, வின் சுருக்கத்தையா என்று.